மரியாதை இல்லையெனில் இரண்டை அழுத்தவும்

போன வாரம் வாசலில் நின்றுகொண்டு மாப்பிள்ளை தன் மாமனாரை ‘யோவ்’ என்று கூப்பிட்டாரே, அந்தச் சத்தம் இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் மாமனார் அன்றிலிருந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவதை விட்டுவிட்டார். பேப்பர் படிப்பதுகூட இப்போது சமையலறை மேஜையில்தான்.

“என்ன, அடுப்புக்குக் காவலா?” என்று அவர் மனைவி கேட்டுப் பார்த்தார்.

(மனைவிக்கும் ‘ர்’ போட்டுத்தான் எழுதுகிறேன். மாமனாருக்கு அதில் ஆட்சேபம் இருந்தால் பத்திரிகைக்குக் கடிதம் போடட்டும்.)

மாமனார் ஓய்வு பெற்ற அறிவிப்பாளர். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவர். வேலை பார்த்த காலம் முழுவதும் முகம் தெரியாத ஜனங்களை ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று குழைந்து குழைந்து அழைத்தவர். குடையைத் தொலைத்துவிட்டு வந்து கத்துகிறவரைக்கூட மைக்கில் ‘அன்பர்’ என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்தால் அந்தக் கனிவைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார். மனைவிக்கு ‘இந்தா’. ஒரே மகளுக்கு ‘ஏய் வாயாடி’.

வாயாடிக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவளும் அப்பாவை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். தெருவே கேட்கிற மாதிரி, “அப்பா, நீ எங்கப்பா போன?” என்று பால்கனியிலிருந்து கத்துவாள். அது அவர்கள் இரண்டு பேருடைய மரியாதை.

புருஷன் வீட்டிலிருந்து அவள் பெட்டியோடு திரும்பி வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. நடந்ததை அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. “சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்க சொல்றதும் நியாயம்தான். நான் புத்தி சொல்லி அனுப்பிவைக்கறேன் மாப்பிள்ளை,” என்று போனில் உருகியவர், பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளிடம் திரும்பி, “ஏய், நீ வாயை மூடு” என்றார்.

“அவருக்கு நீங்க, எனக்கு நீயா?” என்று கேட்டாள் வாயாடி. “சரி. இனிமே நானும் உங்களை நீங்கன்னே சொல்றேன். நீங்க நல்லா இருங்க. நான் கிளம்பறேன்.”

பேச்சு வந்த நாளிலிருந்து ‘நீ’ என்று கூப்பிட்ட வாயிலிருந்து வந்த முதல் ‘நீங்க’. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மரியாதையால் அடித்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்பாவும் பெண்ணும் பேசி.

பெண்டாட்டியை இன்னும் அனுப்பிவைக்கவில்லை என்று வாசலில் வந்து கத்திய மாப்பிள்ளையின் ‘யோவ்’ அறிவிப்பாளரின் கண்ணைத் திறந்துவிட்டது என்பது உண்மை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இந்த ஒரு வாரமாக மனசுக்குள் புழுங்குகிறார். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? ‘மன்னிச்சிடு’ என்பதா, ‘மன்னிச்சிடுங்க’ என்பதா? ‘நீ’ என்று சொல்லும் உரிமை இன்னும் தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ‘நீங்க’ என்றால், அவள் வேற்று மனுஷி என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுத்த மனிதர் ஒரு விகுதிக்கு வழியில்லாமல் தவித்தார்.

இனி, இன்று.

*

காலையில் அறிவிப்பாளர் மருந்துக் கடைக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண், “தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளுங்க இருக்காங்க” என்றது.

நல்ல பெண்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னது. ‘நில்லுங்க’ என்றுதான் சொன்னது. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. வேலையில் இருந்தவரை எல்லோருக்கும் ‘சார்’. ஓய்வு பெற்ற மறுநாளே ‘பெரியவரே’. இப்போது ‘தாத்தா’. தனக்குப் பேரன் பேத்தி இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் சொல்லியிருக்காது.

வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொன்னார்.

“தாத்தான்னா என்ன இப்போ? என்னை அந்த வங்கில ஒரு பையன் ‘மேடம்’னான். நான் திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு.”

“உனக்குப் பிடிச்சுதா?”

“பிடிச்சுதாவா? வீட்டுக்கு வர்ற வரைக்கும் நிமிர்ந்தே நடந்தேன். நீங்க கதவைத் திறந்து ‘இந்தா, எங்க போயிட்ட’ன்னீங்க. அதோட சரியாப் போச்சு.”

அறிவிப்பாளர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, சமையலறைச் சுவரில் இருந்த தண்ணீர் ஃபில்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு கீ... கீ... என்று கத்த ஆரம்பித்தது.

“மறுபடியுமா?” என்றார் அவர்.

“மறுபடியும்தான். அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்க.”

“இது இந்த வாரத்துல மூணாவது தடவை. முதல் நாள் போன் பண்ணினேன், தானா சரியாப் போச்சு. அப்புறமும் தானா சரியாப் போச்சு. என்ன இழவு மெஷின் இது?”

“போன் பண்ணாம எப்படித் தெரியும்?” என்றார் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

விஷயம் இதுதான். ஃபில்டருக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், தண்ணீர் வரும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் பிடியைத் தள்ளி மூடினால் மெஷின் கத்தும். அம்மா இந்த வாரம் மூன்று தடவை துடைப்பக் கட்டையை வைத்து அதைத் தள்ளி மூடியிருந்தார்; முதல் இரண்டு தடவையும் போன் முடிந்ததும் திறந்துவிட்டார். ஏனென்றால் வாயாடி வேலை பார்ப்பது அந்த ஃபில்டர் கம்பெனியின் போன் உதவி மையத்தில். அது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அம்மாக்களுக்குத் தெரியும்.

அங்கே போன் எடுக்கிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். ஆனால் என்றைக்காவது ஒரு நாள் அவளிடமே மாட்டாமலா போய்விடும் என்பது அம்மாவின் கணக்கு. இதுவரை இரண்டு தடவையும் யாரோ ஒரு பையன்தான் எடுத்தான்.

அறிவிப்பாளருக்கும் போன் பண்ணுவதில் உள்ளூர ஒரு ஆசை இருந்தது. அதை வெளியே சொல்ல மாட்டார். அந்த ஒரு இடத்தில்தான் இப்போது அவரை ‘சார்’ என்கிறார்கள்.

*

உதவி மையத்தில் அன்றைக்குக் காலையிலேயே கைதட்டல். கைதட்டு யாருக்கு என்றால், நம் வாயாடிக்கு.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், ஃபில்டர் சரியாக வேலை செய்யாத கோபத்தில், பக்கத்து சீட்டுக்காரியை ‘ஏய், நீ என்னடி புடுங்கறே’ என்று கேட்டுவிட்டான். அவள் அழுதுகொண்டே, “தங்கள் பொறுமைக்கு நன்றி சார்” என்றாள். எழுதிக் கொடுத்த வசனம் அப்படி. அதைக் கேட்டு வாயாடிக்குக் கொதித்துவிட்டது. நேராக மேலாளர் அறைக்குப் போய், “அவங்களுக்கு நாங்க மரியாதை குடுக்கணும்னா, எங்களுக்கும் அவங்க குடுக்கணும் சார். குடுக்கலன்னா போனை வைக்க விடுங்க” என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

அந்தச் சண்டை இன்றைக்குச் சட்டமாகி வந்திருந்தது. கண்காணிப்பாளர் அதைச் சத்தமாக வாசித்தார். இந்த அம்மாவுக்கு எல்லோரும் வைத்த பெயர் மிலிட்டரி. நடையும் அப்படி, முடியும் அப்படி.

“வாடிக்கையாளர் ஊழியரை ஒருமையில் பேசினால், கண்காணிப்பாளர் அந்த இணைப்பை உடனே துண்டிக்கலாம். எச்சரிக்கை தேவையில்லை. கேட்டீங்களா? எவனாவது ‘நீ, வா, போ’ன்னான்னா நான் கட் பண்ணிடுவேன். நீங்க பயப்பட வேண்டாம்.”

அவர்கள் எல்லோரையும் மிலிட்டரி ‘நீ’ என்றுதான் பேசுவார். அதில் யாருக்கும் வருத்தமில்லை என்பது வேறு விஷயம்.

டீ நேரத்தில் பேச்சு முழுக்க இதைப் பற்றியே ஓடியது.

“ஒருமைகூடப் பரவாயில்ல. ‘சகோதரி’ன்னு ஆரம்பிக்கறான் பாரு, அவன்தான் கடைசில மோசமாத் திட்டறான்,” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“எனக்கு ‘மேடம்’ பிடிக்காது. யாரோ என் தலையில பெரிய கொண்டை வெச்ச மாதிரி இருக்கு,” என்றாள் இன்னொருத்தி.

“நேத்து ஒரு அம்மாவை நான் ‘அம்மா’ன்னுட்டேன். ‘எனக்கு என்ன வயசுன்னு நினைச்சே’ன்னு கேட்டு ஒரே ரகளை. ‘சாரி அக்கா’ன்னேன். அதுக்கும் திட்டு. கடைசில பேரையே சொல்லாம, ‘தாங்கள் தாங்கள்’னு நாடகம் போட்டு முடிச்சேன்,” என்றாள் எதிர் சீட்டுக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். வாயாடியும் சிரித்தாள்.

“உனக்கு எப்படிக் கூப்பிட்டா பிடிக்கும்?” என்று பக்கத்து சீட்டுக்காரி அவளைக் கேட்டாள்.

வாயாடி டம்ளரைக் கீழே வைத்தாள். “இங்க வந்ததிலேருந்து எல்லாரும் என்னை ‘நீங்க’ன்னுதான் சொல்றாங்க. ஹாஸ்டல்ல வார்டன், கடைக்காரர், போன்ல பேசறவங்க. நல்ல மரியாதைதான். ஆனா ஒரு நாள் பூரா மரியாதையே கிடைச்சா, சாயங்காலம் யாருமே இல்லாத மாதிரி ஆயிடுது.”

“லூசு,” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி அன்பாக.

“ஆமா, அப்படியே சொல்லு. நல்லா இருக்கு.”

இந்த மாதக் கடைசியில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமானால் ஹாஸ்டலை விட்டுவிட்டு ஒரு அறை எடுக்கலாம். அறை எடுத்தால் அம்மாவையாவது கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு போடலாம். அதற்கு இந்த மாதம் ஒரு கெட்ட குறிகூட விழக்கூடாது. ஒவ்வொரு போனும் முடிந்ததும் ஒரு பதிவுக் குரல் வாடிக்கையாளரைக் கேட்கும்: எங்கள் ஊழியர் உங்களிடம் மரியாதையாகப் பேசினாரா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும். ஒரே ஒரு ‘இரண்டு’ விழுந்தாலும் நிரந்தரம் தள்ளிப்போகும். வாயாடிக்கு இதுவரை ஒன்றுகூட விழுந்ததில்லை. அந்த மாடியிலேயே மரியாதையான குரல் அவளுடையதுதான்.

டீ முடிந்து ஹெட்போனை மாட்டினாள். அடுத்த அழைப்பு வந்தது. திரையில் எண் விழுந்தது.

அவள் வீட்டு எண்.

*

சொந்தக்காரர்கள் அழைத்தால் உடனே வேறு ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. வாயாடியின் விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

“வணக்கம் சார். அழைத்ததற்கு நன்றி. உங்களுக்கு எப்படி உதவலாம்?”

பயிற்சியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பேசச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் குரலில் அவளைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?”

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. ஃபில்டர் கம்பெனிக்குப் போன் பண்ணி யார் இப்படிக் கேட்பார்கள்?

“நல்லா இருக்கேன் சார்.”

“தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. எங்க வீட்டு ஃபில்டர் மறுபடி கத்துது. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

மன்னிக்கணும்மா. எவ்வளவு சுலபமாக வருகிறது! யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணுக்கு இவ்வளவு இருக்கிறது இந்த மனிதரிடம். எனக்கு இதில் ஒரு துளி கொடுத்திருந்தால் நான் ஏன் ஹாஸ்டலில் இருக்கப் போகிறேன் என்று நினைத்தாள். கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, அந்தக் குரல் மெலிந்திருக்கிறதே என்றும் பட்டது.

“பரவாயில்லை சார். சில விவரங்கள் மட்டும் சொல்லுங்க. வீட்ல எத்தனை பேர் இந்தத் தண்ணியைக் குடிக்கறீங்க?”

“மூணு பேர்.”

சொன்னவரே உடனே திருத்திக்கொண்டார்.

“இல்லம்மா. ரெண்டு பேர். ரெண்டுன்னே போட்டுக்குங்க. பழக்க தோஷம்.”

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்,” என்று அவள் அவசரமாகப் போனை நிறுத்தி வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். சர்க்கரையை மறுபடி குரலில் போட்டுக் கலக்கினாள்.

“காத்திருந்ததற்கு நன்றி சார்.”

“அதனால என்னம்மா. பஸ் ஸ்டாண்டுல வேலை பாத்தவன் நான். காத்திருக்க வெச்சும் பழக்கம், காத்திருந்தும் பழக்கம்.”

“ஃபில்டருக்கு மேல, சுவர்ல ஒரு சின்னக் குழாய் இருக்கும் சார். அது திறந்திருக்கான்னு பாக்க முடியுமா?”

“மேலயா? அது எட்டாதே. இருங்கம்மா, ஏறிப் பாக்கறேன்.” பிறகு வாயைத் திருப்பிக்கொண்டு, “இந்தா, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு!”

அந்த ஸ்டூல்! வாயாடிக்குக் கண் முன்னால் வந்துவிட்டது. ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கும். அட்டை நழுவினால் ஆளைக் கவிழ்த்துவிடும். அவளே அதிலிருந்து விழுந்து முன்பல்லில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். ஹெட்போனில் கட்டை கிரீச்சிட்டது.

“ஏறாதப்பா! அந்த ஸ்டூல் ஆடும்! நீ இறங்கு முதல்ல!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். ஃபில்டர்கூடக் கத்துவதை நிறுத்திய மாதிரி இருந்தது.

“இறங்கிட்டேன்,” என்றார் அவர், மெதுவாக.

அந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘சார்’ என்றோ ‘சொல்லுங்கம்மா’ என்றோ சொல்லியிருந்தால், அதோடு எல்லாம் பழையபடி மூடிக்கொண்டிருக்கும்.

“எப்படி இருக்க?” என்றார் அப்பா.

ஒரு வாரமாகத் தேடிக் கிடைக்காத விகுதி, அவர் தேடாதபோது வந்துவிட்டது.

“இருக்கேன்.”

“சாப்டியா?”

“ம்.”

“பொய் சொல்லாத. நீ பசியோட இருந்தா குரல் இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா?”

வாயாடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வரிசை தள்ளி, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்பாகக் கேட்டுவந்த மிலிட்டரி, சரியாக ‘சாப்டியா’ என்ற இடத்தில்தான் இந்த அழைப்புக்குள் நுழைந்தார். பெண் விம்முவது கேட்டது. ஆள் ஒருமையில் வழிவது கேட்டது.

“ஏய், இங்க பாரு,” என்றது அந்தக் குரல். “நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா...”

மிலிட்டரி பொத்தானை அழுத்தினார்.

*

சமையலறையில் அறிவிப்பாளர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

“என்னாச்சு? பேசுங்க!” என்றார் அம்மா. அவர் கண்ணில் அதற்குள் தண்ணீர் முட்டியிருந்தது.

“வெச்சுட்டா.”

“வெச்சிருக்க மாட்டா. கட்டாயிருக்கும்.”

“நான் ஏய்னுட்டேன். பழைய ஞாபகத்துல ஏய்னு சொல்லிட்டேன்.” அவர் முகம் செத்துப்போயிருந்தது. “எப்பவும் அப்படித்தானே ஆரம்பிப்பேன். அவ பயந்துட்டா. மறுபடி திட்டப் போறேன்னு நினைச்சிருப்பா.”

“ஸ்டூலைப் பத்தி அவ என்ன சொன்னா? அதை ஒழுங்காச் சொல்லுங்க.”

“ஏறாதப்பான்னா. நீ இறங்கு முதல்லன்னா.”

“நீன்னா சொன்னா?”

“நீன்னுதான் சொன்னா.”

அம்மா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அப்புறம் என்ன? போனை எவ வெச்சா என்ன, எவன் வெச்சா என்ன?”

அப்போது போனுக்குள் ஒரு பதிவுக் குரல் பேச ஆரம்பித்தது. எங்கள் ஊழியர் உங்களிடம் மரியாதையாகப் பேசினாரா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும்.

அறிவிப்பாளர் அதை முழுவதும் கேட்டார். ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டு அது மறுபடியும் சொன்னது. அவர் வாழ்நாள் முழுக்க அறிவிப்புகளுக்கு மரியாதை கொடுத்தவர். கேள்வி கேட்டால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவர். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, இரண்டை அழுத்தினார்.

“என்ன பண்ணினீங்க?”

“மரியாதையாப் பேசினாளான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்.”

“அடக் கடவுளே!”

“வேற என்னத்தைச் சொல்ல? ‘நீங்க நல்லா இருங்க’ன்னுட்டுப் போனா பாரு, அதுதான் மரியாதை. அது எனக்கு வேணாம்.” சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவருக்கு. “இன்னைக்குத்தான் மரியாதை இல்லாம பேசினா. அவளுக்குப் புரியும்.”

“அவளுக்குப் புரியும், அந்தக் கம்பெனிக்குப் புரியுமா?” அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இந்த மாசம் அவளுக்கு ஒரு ரெண்டு விழக்கூடாது! விழுந்தா வேலை நிரந்தரம் ஆகாது! அவளே எங்கிட்ட...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது.

அறிவிப்பாளர் ஃபில்டரைப் பார்த்தார். மேலே மூடியிருந்த குழாயைப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த துடைப்பக் கட்டையைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

“அப்ப நீதானா?” என்றார்.

“நான்தான்.”

திட்டு வரும் என்று அம்மா எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. “அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னும் தெரியுமா?”

“தெரியும்.”

“சட்டையை எடு. போய் நானே சொல்லிட்டு வரேன்.” இரண்டு அடி நடந்தவர் நின்றார். என்னவோ யோசித்தார். “எடுத்துத் தரீங்களா,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“சே, நல்லாவே இல்ல,” என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எடுன்னே சொல்லுங்க. கூட ஒரு ‘ம்மா’ வேணா போட்டுக்குங்க. அது போதும்.”

ஸ்டூலை ஓரமாக நகர்த்தப் போனார் அம்மா. “முதல்ல இந்தக் காலுக்கு ஒரு ஆணி அடிக்கணும்.”

“வேணாம்மா,” என்றார் அவர். “அது ஆடட்டும்.”

*

“பயப்படாத, நான் கட் பண்ணிட்டேன்,” என்று மிலிட்டரி வந்து வாயாடியின் தோளில் கை வைத்தபோது, அவள் பைத்தியம் பிடித்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்களா? நீங்களா கட் பண்ணினீங்க?”

“பின்ன? சாப்டியாவாம், குரல் சரியில்லையாம்! நீ போட்ட சட்டம், முதல்ல உனக்கே உதவியிருக்கு பாரு.”

அப்பா என்னவோ சொல்ல வந்தார். ரொம்ப நாளா என்று ஆரம்பித்தார். நான்தான் போனை வைத்தேன் என்று நினைத்திருப்பார். இனி அந்த மனிதர் இந்த ஜென்மத்தில் வாயைத் திறப்பாரா?

மிலிட்டரி திரையைத் தட்டினார். “அடப்பாவி! திமிரைப் பாரு. உன்னை வாய்க்கு வந்தபடி ஒருமையில பேசிட்டு, உனக்கே ரெண்டு அழுத்தியிருக்கான்.”

வாயாடி பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே, இத்தனை நாள் ஒன்றாகவே ஓடிவந்த வரிசையில், சிவப்பாக ஒரு இரண்டு.

“கவலைப்படாத. வழி இருக்கு,” என்றார் மிலிட்டரி. “தவறு யாருடையதுன்னு கீழ ரெண்டு கட்டம் இருக்கு பாரு. ‘வாடிக்கையாளர்’ங்கற கட்டத்துல டிக் போடு. இந்த ரெண்டு செல்லாது. அந்த நம்பரும் இனிமே நம்மகிட்ட வராது. ஒழிஞ்சது. மேலாளர் சாயங்காலம் பதிவைக் கேப்பார், நான் பேசிக்கறேன்.”

வாயாடி கட்டத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் அழுத்தியதா? இருக்கலாம். ஆனால் அப்பா கோபம் வந்தால் எதையும் அழுத்த மாட்டார், போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இவர் நின்று கேட்டிருக்கிறார். கேள்வியை முழுவதும் கேட்டிருக்கிறார். மரியாதையாகப் பேசினாரா?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

“என்னடி ஆச்சு உனக்கு?” என்றார் மிலிட்டரி, பதறிப்போய்.

வாயாடி மவுஸை நகர்த்தினாள். ‘ஊழியர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மிலிட்டரி தடுப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

“அவர் அழுத்தினது சரிதான் மேடம். நான்தான் மரியாதை இல்லாம பேசினேன்.”

“நீயா? ஒரு வாடிக்கையாளரை? ஒருமையிலயா?” மிலிட்டரிக்கு நம்பவே முடியவில்லை. “நிரந்தரம் போச்சுன்னு தெரியுமில்ல? மேலாளர் கேட்டா நான் என்ன சொல்றது? எதுக்குடி அப்படிப் பேசின?”

வாயாடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த ஸ்டூல் ஆடும், மேடம்.”